கோலார் தங்கமும் ஆம்பூர்த் தோலும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடியைத் தாண்டி மேற்கே போனால் நாட்றம்பள்ளி. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். அளவில் ஒரு பேரூராட்சி. தனக்கென்று பெரிய தொழில் எதையும் சொல்லிக்கொள்ள முடியாத ஊர். ஆனால் அது அமைந்திருக்கும் இடம் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு வாய்ப்பானது. கிழக்கே சாலை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டரில் ஆம்பூர். வடமேற்கே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 50 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். ஒன்று தோல் பதனிட்டு ஷூ தைக்கும் ஊர். மற்றது 120 ஆண்டுகள் தங்கம் தோண்டிய ஊர். தங்கம் கிடைத்த ஊர்க்காரர்கள் இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறார்கள். மண்ணுக்கடியில் சொல்லும்படி எதுவும் கிடைக்காத ஆம்பூருக்கோ, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்க வருகிறார்கள்.

கனிம வளத்தை நம்பி வாழும் நாடுகளைப் பற்றி உலகெங்கும் நடக்கும் வாதத்தை இந்த இரண்டு ஊர்களையும் வைத்தே பேசிவிடலாம். பூமியிலிருந்து எடுக்கும் ஒரு வளம் மற்றத் தொழில்களை எழுப்புமா, அல்லது தோண்டிய குழியோடு நின்றுவிடுமா?

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாகக் கேட்டவர்களில் ஒருவர் பொருளியலாளர் ஹான்ஸ் சிங்கர். ஏழை நாடுகளில் அந்நிய மூலதனம் நடத்தும் சுரங்கங்களும் தோட்டங்களும் பூகோளப்படி அந்த நாட்டில் இருந்தாலும், பொருளாதாரப்படி முதலீடு செய்த நாட்டின் ஒரு துண்டாகவே இருக்கின்றன என்று 1950-இல் அவர் எழுதினார். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் இதை அளந்து பார்க்க ஒரு வழி சொன்னார். ஒரு தொழில் தனக்கு வேண்டிய இயந்திரம், மூலப்பொருள், சேவை ஆகியவற்றை உள்ளூரில் வாங்கினால் அது பின்னிணைப்பு. தன் விளைபொருளை உள்ளூரிலேயே அடுத்த தொழிலுக்குக் கொடுத்தால் அது முன்னிணைப்பு. 1977-இல் அவரே இன்னும் இரண்டைச் சேர்த்தார்: தொழிலாளியின் கூலி உள்ளூர்ச் சந்தையில் செலவாவதால் வரும் நுகர்வு இணைப்பு, அரசு வரியாக வாங்கி வேறு துறையில் போடுவதால் வரும் வரி இணைப்பு. இரும்பும் நூற்பாலையும் இணைப்பு மிகுந்தவை, சுரங்கமோ இணைப்பு குறைந்தது என்பதே பொதுவான முடிவாக இருந்தது.

இது பழங்கதை அல்ல. ஒரு நாட்டின் சரக்கு ஏற்றுமதி வருவாயில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூலப்பொருள்களிலிருந்து வந்தால் அதை மூலப்பொருள் சார்ந்த நாடு என்று ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாடு கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் இன்றும் வளரும் நாடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழுகின்றன.

கோலாரில் என்ன நடந்தது? மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்துப் பிறருக்குக் கைமாற்றிய இடத்தில், 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்து சேர்ந்தது. பிறகு 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. பங்குகள் லண்டனில் கைமாறின. இயந்திரம் கடல்வழியாக வந்தது. உருக்கிய தங்கம் கடல்வழியாகவே போனது. மைசூர் அரசுக்குக் கிடைத்தது ராயல்டி. அது தொடக்கத்தில் உற்பத்தி மதிப்பில் 5 விழுக்காடு.

ஆனாலும் கோலாரைச் சிங்கரின் சூத்திரத்துக்குள் அப்படியே அடைத்துவிட முடியாது. அதை விதிவிலக்கே இல்லாத எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே மைசூர் அரசு காவிரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டியது. 1902-இல் அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான மின்கம்பிப் பாதைகளில் அதுவும் ஒன்று. மூன்று ஆண்டு கழித்து, 1905-இல், அதே நிலையத்து மின்சாரத்தில் பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தன. பின்னாளில் பெங்களூர் தொழில் நகரமானதற்கு இந்த மின்சாரம் ஒரு காரணம். சுரங்கம் வாங்கிய ஒரு பொருள் சுரங்கத்தைத் தாண்டிப் பலருக்குப் பயன்பட்டது. பின்னிணைப்பு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்திய வரலாற்றில் அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பலன் தங்கவயலில் தங்கவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் பெங்களூரில் சேர்ந்தது.

இன்னொரு இணைப்பு எந்த அட்டவணையிலும் வராது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் பண்ணையாளாக இருந்தவருக்குத் தங்கவயலில் ரொக்கக் கூலி கிடைத்தது. சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றது. பாறை வெடிப்பில் உயிர் போயிற்று. ஆனால் சாதி இந்துவின் நிலத்தைச் சாராத ஒரு வாழ்க்கை அங்கே சாத்தியமானது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு 1907 வாக்கிலேயே மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் 1920-களில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. கூலியிலிருந்து சந்தா, சந்தாவிலிருந்து அச்சகம், அச்சகத்திலிருந்து ஓர் அறிவியக்கம். ஹிர்ஷ்மனின் நான்கு பெட்டிகளில் இதை நுகர்வு இணைப்பு என்று போட்டால் பொருந்தும்தான். ஆனால் போடுபவர் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

1956-இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. 1964-இல், தங்கத்தின் எதிர்காலம் மங்கத் தொடங்கியிருந்த காலத்தில், மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பி.ஈ.எம்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று தங்கவயலில் அமைந்தது. சுரங்கத்தின் பின்னிணைப்பாக என்றோ வந்திருக்க வேண்டியது, சுரங்கம் சாகும் தறுவாயில் வந்தது. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மிஞ்சியது சயனைடு மேடுகள்: 13 குவியல்கள், 3 கோடி டன்னுக்கு மேல் அரைத்த பாறைத் தூள். அந்தத் தூளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது.

இப்போது கிழக்கே திரும்புவோம். பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கு வளம் என்று எதைச் சொல்வது? தோல் இங்கே விளைவதில்லை. உப்புப் போட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் நாட்டின் நாலா பக்கமிருந்தும் வருகின்றன, இறக்குமதியும் உண்டு. பழைய நாளில் தக்காணத்துப் புதர்க்காட்டு ஆவாரம் பட்டை இருந்தது, கடுக்காய் இருந்தது, பாலாற்று மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருந்தது. பட்டையில் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போனது. அதாவது நிலைமை கோலாரைப் போலத்தான் தொடங்கியது: பாதி வேலை இங்கே, மீதி வேலையும் மீதி லாபமும் கடலுக்கு அப்பால்.

ஒரு வேறுபாடு முதலிலிருந்தே இருந்தது. முதலாளி உள்ளூர்க்காரர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் முஸ்லிம் வணிகர்களே தோல் வணிகத்தை நடத்தினார்கள். சம்பாதித்ததை ஊரிலேயே போட்டார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் வந்தது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீமின் கொடைகளை வட ஆர்க்காட்டில் தெரியாதவர் இல்லை. அவர்களைத் தியாகிகளாக்க வேண்டியதில்லை. தோல் ஊறும் தொட்டியில் முழங்கால் மூழ்க நின்றவர்கள் இங்கும் அதே தலித் மக்கள்தான், தங்கவயலுக்குப் போனவர்களின் உறவுக்காரர்கள். கூலியைத் தீர்மானித்ததும் அதே சாதிதான். ஆனால் லாபம் எந்த ஊரில் தங்குகிறது என்ற ஒரு கணக்கில் ஜான் டெய்லர் கம்பெனிக்கும் மேல்விஷாரம் வணிகருக்கும் மலையளவு வித்தியாசம்.

இரண்டாவது திருப்பத்தைக் கொடுத்தது டெல்லி. 1972-இல் சீதாராமையா குழு தோல் ஏற்றுமதி பற்றி அறிக்கை தந்தது. 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைப்பதத் தோலுக்குக் கோட்டாவும் ஏற்றுமதி வரியும் வந்தன. முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கத் தொகை கிடைத்தது. தடை என்பது கட்டுப்படுத்தும் ஆணை மட்டுமே. கற்றுக்கொடுக்க ஒரு இடம் வேண்டுமே. அது ஏற்கெனவே சென்னை அடையாற்றில் இருந்தது. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை ஒய். நாயுடம்மா ஆய்வுக்கூடத்திலிருந்து தோல் கிடங்குக்கு இழுத்து வந்திருந்தார். தடை, ஊக்கத் தொகை, ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த வட்டாரத்தை அரைப்பதத் தோலிலிருந்து முடித்த தோலுக்கும், அங்கிருந்து ஷூ மேற்பாகத்துக்கும், பிறகு முழு ஷூவுக்கும் தள்ளின. இன்று இந்தியாவின் தோல், தோல்பொருள் ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. அதன் இதயம் இந்தப் பாலாற்றுப் பகுதி.

ஒரு தோல் கடந்துபோகும் வழியைப் பார்த்தாலே இணைப்பு என்றால் என்ன என்று புரியும். முதல் வேலை உப்பை உதறுவது. பிறகு ஊறல், சுண்ணாம்பு, ரோமம் எடுத்தல், சதை எடுத்தல். சதைக் கழிவு பசை காய்ச்சப் போகும். டிரம்மில் குரோம் ஏறிய தோல் வெளிர் நீலமாக வெளியே வரும். அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். ஷேவிங் மெஷினில் சீவினால் விழும் தூள் லெதர் போர்டு செய்யப் போகும். சாயம் ஏற்றி உலர்த்தினால் கிரஸ்ட். மேல்பூச்சு முடிந்தால் ஃபினிஷ். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கூரையின் கீழ் நடக்கலாம். சொந்தமாகத் தோல் வாங்கப் பணம் இல்லாதவர் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பிறருக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிறார். ஷூ கம்பெனிக்குள் போனால் கிளிக்கிங், ஸ்கைவிங், ஸ்டிட்சிங், லாஸ்டிங் என்று வேறொரு வரிசை. அதற்கு அட்டைப்பெட்டி, நூல், பசை, சோல், கண்ணி, மெஷின் ரிப்பேர், கெமிக்கல் கடை, சரக்கு அனுப்பும் ஏஜெண்ட். ஆம்பூர்ப் பிரியாணியின் புகழுக்குக் காரணம் ஆயிரம் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து சம்பளத்தோடு வெளியே வரும் கூட்டத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

கோலாரில் ஒரு பொருள், ஒரு முதலாளி, ஒரு குழி. இங்கே ஆயிரம் கை. தங்கத்தை எடுத்தபின் அதில் செய்வதற்கு அடுத்த வேலை அதிகம் இல்லை என்பது உண்மைதான், உருக்கினால் முடிந்தது. ஆனால் வளத்தின் தன்மையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் சூரத்தை விளக்க முடியாது. சொல்லும்படியான வைரச் சுரங்கம் பன்னாவைத் தவிர நம்மிடம் இல்லை. உலகில் பட்டை தீட்டும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது, எண்ணிக்கைக் கணக்கில், சூரத்தின் கையில். மறுபக்கம் போட்ஸ்வானா: 1966-இல் விடுதலை, 1967-இல் ஒராபாவில் வைரம், டி பியர்ஸ் வைர நிறுவனத்தோடு சரிபாதிக் கூட்டு. நேர்மையான நிர்வாகத்துக்கு ஆப்பிரிக்காவில் அடிக்கடி காட்டப்படும் நாடு அது. வரி இணைப்பை அது மிகச் சிறப்பாகச் செய்தது; வைரப் பணத்தில் சாலையும் பள்ளியும் வந்தன. பேரம் பேசி 2013-இல் டி பியர்ஸின் வைர விற்பனையை லண்டனிலிருந்து காபரோனுக்கே கொண்டுவந்தது. அப்படியும் பட்டை தீட்டும் தொழில் அங்கே சிறியதாகவே நிற்கிறது. சூரத்தின் கூலியோடும் கைப்பழக்கத்தோடும் போட்டி போட அதனால் முடியவில்லை.

இந்தோனேசியா பேரம் பேசவில்லை, கதவைச் சாத்தியது. நிக்கல் தாது ஏற்றுமதிக்கு 2014-இல் தடை, 2017-இல் தளர்வு, 2020 ஜனவரியில் முழுத் தடை. உருக்காலைகள் சீன மூலதனத்தோடு சுலவேசித் தீவுக்கு வந்தன. நிக்கல் சார்ந்த ஏற்றுமதி சில ஆண்டுகளில் பத்து மடங்கானது என்று அந்நாட்டு அரசு சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் போட்ட வழக்கில், 2022 நவம்பரில் உலக வணிக அமைப்பின் நடுவர் குழு, அந்தத் தடை வணிக விதிகளுக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு அமர்வே இயங்காத நிலையில் இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டு வேலையைத் தொடர்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் லித்தியம், குரோம் தாதுகளுக்கு இதே வழியை யோசிக்கின்றன. இதைப் புதுமை என்று எழுதும் பொருளாதார இதழ்களுக்கு ஒரு தகவல்: 1973-இல் இந்தியா தோலுக்குச் செய்தது இதே காரியம்தான். அதற்கு 50 ஆண்டு அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் வெற்றிக் கதையை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

ஏனென்றால் தோல் தொழிலுக்கும் சுரங்கத்துக்கும் நேரடி உறவு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோமில் ஒரு நாளில் முடியும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கிலேயே சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த ஆலை அந்த முயற்சிகளின் காலத்தில் எழுந்ததுதான். ஆனால் பாலாற்றங்கரை நெடுங்காலம் பட்டையையே பெரிதும் நம்பியிருந்தது. ஷூவுக்கு ஏற்ற மென்மையான முடித்த தோல் வேண்டும் என்று 1973-க்குப் பின் நிலைமை மாறியதும் குரோம் தவிர்க்க முடியாததாயிற்று. குரோம் எங்கிருந்து வரும்? இந்தியாவின் குரோமைட் தாது இருப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒடிசாவில், பெரும்பாலும் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. தாதுவின் பெரும்பகுதி துருப்பிடிக்காத எஃகுக்காக ஃபெரோகுரோமாகப் போகும். சிறு பகுதிதான் ரசாயனத்துக்கு. தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்தால் மஞ்சள் குரோமேட். அதை அமிலத்தில் டைகுரோமேட்டாக்கி, சர்க்கரை ஆலை மொலாசஸ் போன்ற ஒன்றைச் சேர்த்து ஒடுக்கினால் தோல் டிரம்மில் போடும் பச்சைத் தூள். சுரங்கம், ரசாயனம், கரும்பு, தோல்: நான்கு துறைகளும் ஒரு மூட்டையில் சந்திக்கின்றன. முன்னிணைப்பைப் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

அந்தப் பாடத்தின் அடுத்த பக்கம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. 1970-களின் நடுவில், ஏற்றுமதிக் கொள்கை மாறிய கையோடு, ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தொடங்கியது. சோடியம் டைகுரோமேட்டும் குரோம் சல்ஃபேட்டும் செய்தது. இந்தக் காலப் பொருத்தம் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. தாதுவைக் கொண்டுவந்து, தோல் தொழிலுக்குப் பக்கத்திலேயே ரசாயனமாக்கிக் கொடுப்பது திட்டமிடுபவர் கண்ணுக்கு அழகான இணைப்பு. 1990-களின் நடுவில் ஆலை மூடியது. வறுத்த தாதுவின் சக்கை, ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியத்தோடு, 2 லட்சம் டன்னுக்கு மேல் ஆலை வளாகத்திலேயே கிடந்தது. மழை பெய்யும்போது மஞ்சள் நீர் கசிந்தது.

நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் வெளியிட்டது. 2006 பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. 2007 பட்டியலில் சுகிந்தா. ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் ஏறின. இப்படிப்பட்ட பட்டியல்களின் தரவரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் உள்ளீடு–வெளியீடு அட்டவணையில் ரூபாயாகத் தெரியும் இணைப்பு, நிலத்தில் எப்படித் தெரியும் என்பதை இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் சொல்லிவிடுகின்றன.

ஆலையோடு முடிந்திருந்தால் ஒரு ஆலையின் குற்றம் என்று விட்டுவிடலாம். டிரம்மில் போட்ட குரோமில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் வழக்கமாகத் தோலில் ஏறும், மீதி கழிவுநீரில். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறித்தது. உதறிய உப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு எல்லாம் சேர்ந்து பாலாற்றுக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வை அது மேற்கோள் காட்டியது. மாசுபடுத்தியவர் பணம் கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு வேலூர் என்றால் கோட்டையோ சிறையோ நினைவுக்கு வராது. இந்த வழக்குத்தான் வரும்.

பாலாற்றுப் படுகையில் நெல்லும் கரும்பும் தென்னையும் வைத்திருந்தவர்களுக்கு இது வேறு கணக்கு. தோல் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் இடையே ஒரு இணைப்பு இருந்தது. அது பணம் கைமாறாத இணைப்பு, ஒரே திசையில் போகும் இணைப்பு. ஹிர்ஷ்மனின் வரைபடத்தில் அதற்கு அம்புக்குறி இல்லை. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. கிணறு உப்பானவருக்கு அது ஓராண்டுச் சாகுபடி இழப்பைக்கூட ஈடுகட்டாது.

வழக்கு ஒன்றும் வீணாகவில்லை. வாணியம்பாடியில் வாணிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைகள் பரவின. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. கழிவுநீரைச் சவ்வூடு வடித்து, எஞ்சியதை ஆவியாக்கி, தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். செலவு அதிகம், சிறு டேனரிகள் பல தாங்க முடியாமல் மூடின. ஆவியாக்கியதும் அடியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லை, கொட்டவும் இடமில்லை, கூரை போட்டு அடுக்கி வைக்கிறார்கள். தங்கவயலுக்குச் சயனைடு மேடு, தோல் வட்டாரத்துக்கு உப்புக் கிடங்கு.

நாட்றம்பள்ளி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளும் உண்டு. கிரானைட்டின் கதை சுருக்கமானது, ஏனென்றால் அதில் இணைப்பு சுருக்கம். பாறையை ஒயர் கொண்டு அறுத்து, பிளாக்காகச் சங்கிலி கட்டி, லாரியில் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் அறுவை, மெருகு ஆலைகள் இருந்தாலும், பிளாக்காகவே கப்பலேறுவது இன்னும் நிற்கவில்லை. கருப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகை விடக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 1977-இல் விதி எழுதியது. உச்ச நீதிமன்றம் 1981-இல் அதை ஏற்றது. தோலுக்கு நடந்ததுபோல் அடுத்தகட்டத் தொழிலை வளர்க்கும் திட்டம் அதோடு சேர்ந்து வலுவாக வரவில்லை. தடை இருந்தது, தரகு இருந்தது, அடையாற்று நிலையத்துக்கு நிகரான ஒன்று கல்லுக்கு இல்லை. கிரானைட்டுக்கும் தோலுக்கும் இந்த வட்டாரத்தில் விதி வேறாகப் போனதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

இனி வரி. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல, கனிம நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. அதில் தள்ளுபடியான 1989-ஆம் ஆண்டு தீர்ப்பு தமிழ்நாட்டுச் சிமெண்ட் நிறுவனம் ஒன்றின் வழக்கில் வந்தது. தமிழ்நாடு உடனே சட்டம் இயற்றி 2025 முதல் கனிம நில வரி வாங்கத் தொடங்கியது. சுரங்கம் இருக்கும் மாவட்டத்துக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும் உண்டு. ஆக, கனிமம் தோண்டும் இடத்துக்குப் பணம் திரும்ப ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கனிமம் ரசாயனமாக மாறிக் கழிவாகப் படியும் இடத்துக்கு எந்த அறக்கட்டளையும் இல்லை. சுகிந்தா இருக்கும் ஜாஜ்பூர் மாவட்டம் குரோமுக்காக நிதி பெறுகிறது. அதே குரோம் மண்ணில் இறங்கிய ராணிப்பேட்டைக்கு அந்தக் கணக்கில் ஒரு பைசா கிடையாது.

1973-இன் தடைகளும் இப்போது தளர்கின்றன. 2025 மத்திய பட்ஜெட் வெட் ப்ளூ இறக்குமதி வரியை நீக்கியது. கிரஸ்ட் தோல் மீதிருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியையும் எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகள் கலங்கின. ஷூ வரை முன்னேறியதால் விலை ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிவிட்டோம் என்று எண்ண முடியாது. மூலப்பொருள் சந்தையைச் சார்ந்திருந்த நிலை போய் வாங்குபவர் நாட்டைச் சார்ந்திருக்கும் நிலை வந்திருக்கிறது. பனப்பாக்கத்திலும் செய்யாற்றிலும் தைவான் நிறுவனங்கள் தோல் இல்லாத ஷூவுக்குப் பெரும் முதலீடு போடுவது இன்னொரு திருப்பம். குரோமும் வேண்டாம், டேனரியும் வேண்டாம். தையல் கை மட்டும் போதும். நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண்ணின் கைத்திறனே இந்த வட்டாரத்தின் உண்மையான வளமாக மிஞ்சப் போகிறது என்று தோன்றுகிறது.

தாது ஏற்றுமதியைத் தடுக்க நினைக்கும் நாடுகளுக்குப் பாலாற்றங்கரை தரும் தீர்ப்பு இரண்டு வரிதான். உள்ளூர் முதலாளியும் கற்றுக்கொடுக்கும் நிலையமும் இருந்தால் தடை பலிக்கும். இல்லாவிட்டால் கிரானைட்டுக்கு ஆனதே ஆகும். தடையாணை எழுதும் நாளிலேயே கழிவுக்கும் ஒரு கணக்குத் தலைப்புத் திறக்க வேண்டும். 1973-இல் டெல்லி அதைத் திறக்கவில்லை. 1991-இல் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுதியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், பாலாற்றைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, வழக்கை முடித்துவைக்காமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது.